மாமனார் திருத்திய இரங்கலுரை

முதல் உலக யுத்தம் முடிந்து பத்து வருடம் இருக்கும். கம்பளையில் வாத்தியாராக இருந்த எனக்கு ஹந்தானையிலிருந்து மைத்துனர் தந்தி அடித்திருந்தார்: "அப்பாவுக்குக் கடுமை. உடனே வரவும்."

அந்தக் காலத்தில் சாவை யாரும் தந்தியில் நேராகச் சொல்வதில்லை. 'கடுமை' என்றாலே ஆள் போய்விட்டார் என்றுதான் அர்த்தம். ரயிலிலேயே அழுதழுது இரங்கலுரை எழுதி முடித்தேன். மாலையும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தால், மாமனார் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் காலையில்தான் இறங்கியதாம்.

"மாலை யாருக்கு மாப்ளே?"

உளறிக் கொட்டினேன். சட்டைப் பையில் தாள் இருப்பதையும் கண்டுகொண்டு, "வாசிங்க" என்றார்.

"பஸ்ரா போர்க்களத்தில் காலில் குண்டு தாங்கிய வீரர்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய நொண்டல்தான் எங்கள் குடும்பத்துக்கே பெருமை.

"குண்டு இல்ல. கோவேறு கழுத ஒதச்சது. அடிச்சிட்டு எழுதுங்க."

"இத்தன வருசமா குண்டுன்னுதானே சொன்னீங்க மாமா?"

"உசுரோட இருக்கையில யாராச்சும் கேட்டா சமாளிச்சுக்கலாம். செத்தப்புறம் யாரு சமாளிக்கிறது?"

அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார். பாடைக்கு முன்னால் நின்று கழுதையை வாசித்தபோது, மாமியார் அழுகையை நிறுத்தினார். "எங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்னாரே!" என்று சிரித்துவிட்டு, மறுபடி அழுதார்.

இன்றும் யாருக்கு இரங்கலுரை எழுதினாலும், அவரே எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே கேட்பதாக நினைத்துத்தான் எழுதுகிறேன்.