ரதீபா வண்டி பழகிய கதை

அவாத்தை அடக்கம் செய்த மறுநாளே அவன் தம்பி ஷெஹாத்தா பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துத் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இத்தா முடியற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும் அண்ணி. பேட்டரி செத்துப் போகாம வெள்ளிக்கு வெள்ளி நான் வந்து ஓட விடறேன்."

ரதீபா தலையை மட்டும் அசைத்தாள். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்குச் சாவி ஒரு பொருட்டா?

தாக்லா பாலைச்சோலையின் கடைக்கோடியில், மூத் நகரத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். மொத்தம் பன்னிரண்டு வீடு. பஸ் வராது. பேரீச்சம்பழ மூட்டையானாலும் பிரசவ வலி எடுத்தவளானாலும் அவாத்தின் வண்டியில்தான் நகரத்துக்குப் போக வேண்டும். இப்போது அந்த வண்டி முற்றத்தில் நின்றது. கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தாக் காலம், நான்கு மாதம் பத்து நாள், ரதீபாவும் அதே முற்றத்தில் கிடந்தாள். நாலு பக்கமும் மண்சுவர். வாசல் கதவு வரைக்கும் போகலாம், தாண்டக் கூடாது. கடைக்கும் கிணற்றுக்கும் அவளுடைய இரண்டு பெண்களே போய்வந்தார்கள்.

இரண்டாம் மாதம் ஷெஹாத்தா அவளை அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். இத்தாவில் இருப்பவளிடம் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் பேச்சு எடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கயிறு கொண்டுவந்து, அவன் வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரை அளந்தான்.

"இதை இடிச்சுட்டா ரெண்டும் ஒரே வீடாயிடும். என்ன சொல்ற ரதீபா?"

அவள் பெண்களைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வண்டியைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் வண்டியின் கதவைத் திறந்து அவாத்தின் இடத்தில் உட்கார்ந்தாள். சாவி இல்லாததால் ஸ்டீரிங் பூட்டிக்கொண்டு அசைய மறுத்தது. ஆனால் மிதிகள் மூன்றும் அழுந்தின, கியரும் நகர்ந்தது. அவாத் எப்போது கியர் மாற்றுவான் என்பது அவள் காதுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருஷம் கேட்ட சத்தம். ஒன்றாம் கியரில் உறுமும், அது கீச்சென்று உயரும்போது இரண்டாவது. அந்தச் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக்கொண்டு காலை அழுத்தினாள், கையை இழுத்தாள். திருப்புவதற்கு ஸ்டீரிங் இல்லையே என்று மாவுச் சல்லடையை எடுத்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மொட்டை மாடியில் ரொட்டி காய வைக்க வந்த பக்கத்து வீட்டு தவ்ஹீதா எட்டிப் பார்த்தாள்.

"அடியே, வண்டிக்குள்ள உக்காந்து யாருக்குடி மாவு சலிக்கிற? புருஷனோட புத்தியும் போயிடுச்சா?"

"போனது அவர் மட்டும்தான் அக்கா."

ஷெஹாத்தா சுவரை அளந்தது தவ்ஹீதாவுக்கும் தெரியும். "நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். பிறகு எத்தனையோ தடவை பார்த்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ரதீபா ஷெஹாத்தாவுக்குத் தேநீர் கொண்டுவந்து வண்டிக் கதவருகே நிற்பாள்.

"ஒரே இடத்துல நின்னா டயர் தட்டையாயிடுமாமே. முன்னாடி பின்னாடி கொஞ்சம் நகத்துங்களேன்."

அவன் நகர்த்துவான். அவள் குனிந்த தலையோடு அவன் கால்களையே பார்ப்பாள். வலது கால் இறங்க இறங்க இடது கால் மெல்ல மெல்ல எழுவதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். 'எவ்வளவு அடக்கமானவள்' என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

இத்தா முடிந்த மறுநாள் காலை ஷெஹாத்தா வந்தான்.

"வர்ற வியாழக்கிழமை நிக்காஹ் எழுதறவர் வரார்."

"எனக்குச் சம்மதமில்ல."

"சம்மதமில்லாம எங்க போவ? மூத் வரைக்கும் நடந்தா?" அவன் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். "வண்டி இனி என் வாசல்ல நிக்கட்டும்." வாசல் கதவைத் திறக்க இறங்கிப் போனான்.

ரதீபா ஏறிவிட்டாள். இடது காலைச் சட்டென்று எடுத்தாள், வண்டி குலுங்கி அணைந்தது. சத்தம் கேட்டு ஷெஹாத்தா திரும்பினான். அவள் மறுபடி சாவியைத் திருப்பி, காலை மெல்ல விட்டாள். வண்டி அவனை நோக்கி வந்தது. அவன் ஒதுங்கினான். கதவுத் தூணில் பக்கக் கண்ணாடி நொறுங்க, வண்டி தெருவுக்கு வந்துவிட்டது. "பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க அக்கா!" என்று தவ்ஹீதாவின் மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

மூன்றாம் கியர் விழவேயில்லை. இரண்டாவதிலேயே அலறிக்கொண்டு போனாள். அங்கி முதுகோடு ஒட்டியது. மூத் போகும் வழியில் நாலு கிலோமீட்டரில் சோதனைச் சாவடி. பிரேக்கை மட்டும் மிதித்ததில் வண்டி குதித்து நின்றது.

"லைசென்ஸ்?" என்றார் போலீஸ்காரர்.

"இல்ல."

"வண்டி யாருது?"

"செத்துப்போன என் புருஷனது. இன்னும் பாகம் பிரிக்கல."

பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான் ஷெஹாத்தா. "அது என் அண்ணன் வண்டி! அவ திருடிக்கிட்டு வந்துட்டா!"

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ உங்க ரெண்டு பேருதும் இல்ல. கோர்ட்டுல பாகம் பிரிச்ச தாளோட வாங்க. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கும்."

நாலு கிலோமீட்டர் வெயிலில் நடந்து ரதீபா அதே வீட்டுக்குத்தான் திரும்பினாள். அன்று சாயங்காலம் ஷெஹாத்தா தெருவில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "ரோட்டுல வண்டியோட்டிக்கிட்டு ஓடினவ எனக்கு வேண்டாம்!" உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்த ரதீபா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பெண்கள் நினைத்தார்கள். இல்லை.

தீர்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் கொழுந்தன் வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை, அவன் தோட்டத்து வாய்க்காலிலிருந்து அவாத்தின் பேரீச்சந்தோப்புக்குத் தண்ணீரும் வரவில்லை. கடைசியில் வண்டி அவளுக்கும் பெண்களுக்கும், தோப்பில் பாதி ஷெஹாத்தாவுக்கு என்று முடிந்தது. லைசென்ஸ் பரீட்சையில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாம் தடவை எடுத்துவிட்டாள்.

இப்போது காலையில் பழம் பொட்டலம் கட்டும் கொட்டகைக்கு ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறாள். ஆண்கள் அவசரமென்றால் பின்னால் மூட்டைகளோடு நின்றுகொண்டு வருவார்கள், முன் சீட்டில் உட்கார மாட்டார்கள். ஷெஹாத்தா மூட்டையை மட்டும் ஏற்றிவிட்டு நடக்கிறான்.