அட்சய வருஷத்து ரெண்டு பேர்

மளிகைக்கடையில் கொடுத்த நாள்காட்டியில் இன்று காலை தேதி கிழித்தேன். அடியில் எறும்பு எழுத்தில் கொல்லம் எத்தனை, பசலி எத்தனை, ஹிஜ்ரி எத்தனை என்று ஒரு வரி. ஒரே வருஷத்துக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கணக்கு அது!

கரையாம்புத்தூரில் எங்கள் வீடு பிரெஞ்சுக்காரன் பக்கம். மாப்பிள்ளை வீடு இங்கிலீஷ்காரன் பக்கம், நடந்தே போய்விடலாம். எங்களுக்கு வருஷம் வீட்டில் சித்திரையில் மாறும், மேரியில் ஜனவரியில் மாறும். மேரி என்றால் எங்கள் ஊர் நகராட்சி ஆபீஸ். அவர்களுக்கு நிலவரிக்குப் பசலி வேறு. அது ஆடியை ஒட்டிப் பிறக்கும். இதில் யாரும் குழம்பியதில்லை, எழுதுகிறவர்களைத் தவிர.

நான் அட்சய வருஷத்து மாசி. அதை அப்பா மேரியில் போய்ச் சொன்னதே நான் நடக்கத் தொடங்கிய பிறகுதான். சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். அட்சய பிறந்த சித்திரைக்கு மேரிக் கணக்கில் என்ன எண்ணோ அதையே பிடித்துக்கொண்டு, 1926 பிப்ரவரி என்று அங்கே எழுதிவிட்டார்கள். மாசி வருவதற்குள் அந்த எண் 1927 ஆகிவிட்டதே! போகட்டும், அன்று யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் நிச்சயதார்த்தத்தன்று வந்தது. மாப்பிள்ளையும் அட்சயதான், ஆனால் மார்கழி. எனக்கு இரண்டு மாதம் பெரியவர். ஜாதகமெல்லாம் பொருந்தியிருந்தது. அவருடைய தாய்மாமன் இங்கிலீஷ்காரன் பக்கத்து ஊரில் நிலவரிக் கணக்கெழுதும் கர்ணம். கல்யாணத்தைப் பதிவதற்காக அப்பா வாங்கி வைத்திருந்த என் பிறப்புச் சீட்டை அவர் எடுத்துப் பார்த்தார்.

"இன்னாபா இது? நம்ம புள்ள இருபத்தாறு டிசம்பரு. பொண்ணு அதே வருசம் பிப்ரவரி. மூத்தவளையா கட்டி வெக்கறது?"

துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். நிச்சயத்தில் எழுந்து போய்விட்டால் அந்தப் பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? விறுவிறுவென்று கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"ரெண்டு பேரும் அட்சயதானே? மார்கழி முன்னாடி வருதா, மாசி முன்னாடி வருதா? உங்க ஊர்ல எப்டி?"

மணப்பெண் இப்படிப் பேசலாமா? பேசிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார்.

"குந்துண்ணே. நம்ம புள்ள வாயில்லாப் பூச்சி. இவ வந்தாதான் வூடு வூடா இருக்கும்."

சீட்டை யாரும் திருத்தவில்லை. அதற்குப் புதுச்சேரிக்கு அலைய வேண்டுமாம். சண்டை வரும்போதெல்லாம் அந்த வாயில்லாப் பூச்சி, "சரிக்கா, மேரி சொன்னா சரிதான்" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எல்லை போயிற்று, மேரிக்காரர்கள் போனார்கள். அட்சய என்றால் எந்த வருஷம் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அவரும் போய் வெகுகாலம் ஆகிறது. அவர் வயது அப்படியே நின்றுவிட்டது, எனக்கு ஏறிக்கொண்டே போகிறது. இப்போது நிஜமாகவே நான் அவருக்கு மூத்தவள்.