கிணற்றடிப் புல்லில் பதினான்கு சுருள்

கிணற்றடி வேலியோரத்தில் பன்னிரண்டு பற்றை கினிப்புல் நிற்கிறது. எங்கள் ஆட்டுக்காக மனைவி நட்டது. போன மாரியில் ஒரு காலை, சில இலைகள் நீளவாக்கில் மடிந்து, வெள்ளை நூலால் தைத்ததுபோல் ஒட்டியிருக்கக் கண்டேன். ஒன்றைப் பிரித்தேன். உள்ளே வெளிர்பச்சைப் புழு ஒன்று. வீட்டைக் குலைத்துவிட்டேனே என்று பகல் முழுக்க மனம் கேட்கவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தால், அதுவே திரும்பத் தைத்திருந்தது.

முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். எண்ணிக் கொப்பியில் எழுதாமல் இருக்க முடியுமா? பதினான்கு சுருள்.

"இஞ்சாரும், உந்தப் புல்லை வெட்டாதேயும். பதினாலு புழு இருக்கு. வண்ணத்துப்பூச்சியாகட்டும்."

"அப்ப ஆட்டுக்கு என்னத்தைப் போடுறது? உங்கடை கணக்குக் கொப்பியையோ?"

சொன்னாளே தவிர, அவள் வெட்டவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்பது சுருள் வெறுமையாகக் கிடந்தன. குருவியைத் திட்டினேன், எறும்பைத் திட்டினேன், கயிற்றில் கட்டியிருந்த ஆட்டையும் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன்: புழு வளர வளரப் பழைய சுருளை விட்டுவிட்டு அகலமான இலையில் புதியது கட்டுகிறது. நான் வீடுகளை எண்ணிவிட்டுக் குடியிருப்பவர்களை எண்ணியதாக நினைத்திருக்கிறேன். உண்மையில் இருந்தது ஐந்து புழு, அதுவும் மூன்று பற்றையில். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மிச்சம் ஒன்பது பற்றையும் அன்றைக்கே ஆட்டின் வயிற்றுக்குள் போய்விடும் என்ற பயம்.

பத்தாம் நாள் அவள் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். சேலைக் கரை முழுக்க ஒட்டுப்புல் விதை. எங்கள் வளவில் ஒட்டுப்புல் இல்லை. றோட்டுக்கு அங்காலே இருக்கும் வெறுங்காணியில்தான் உண்டு. அந்த முழங்காலோடு அங்கே குனிந்து புல் வெட்டியிருக்கிறாள்.

"எத்தினை நாளாய்ப் போறீர்?"

"நீங்கள்தானே கணக்கு."

பக்கத்தில் இருந்து விதைகளைப் பிடுங்கத் தொடங்கினேன். இருபத்தாறாவது விதையில் வாய் திறந்தது.

"பதினாலு இல்லை. அஞ்சுதான்."

"தெரியும். முதல் நாளே பிரிச்சுப் பார்த்தனான். பாதிக்கு மேலை வெறும் சுருள்."

"பிறகேன் வெட்டாமல் விட்டனீர்?"

"காலமை எழும்பின உடனை இடுப்பு நோகுது, நெஞ்சு எரியுது எண்டு துவங்காமல் கிணத்தடிக்குப் போனியள். வீடு நல்லாய் இருந்தது."

அடுத்த நாளிலிருந்து கத்தியை நான் எடுத்தேன். புழு இல்லாத ஒன்பது பற்றையை முதலில் வெட்டினேன். அவை முடிந்ததும் வெறுங்காணிக்குப் போனேன். அதற்குள் ஐந்தும் சுருளுக்குள்ளேயே பச்சைக் கூட்டுப்புழுவாகிவிட்டன. நான் இல்லாத நேரம் தோய்க்கிற கல்லில் இருந்து காவல் காப்பது அவள் பொறுப்பு.

ஒரு காலை புல்லுக்கட்டோடு படலையைத் திறக்கிறேன், அவள் கையைத் தட்டுகிறாள்.

"ஒண்டு பறந்து போட்டுது!"

இத்தனை நாள் காத்திருந்தும் நான் காணவில்லை. கட்டைக் கீழே போட்டேன்.

"எப்பிடி இருந்தது?"

"மண்ணிறம். கொஞ்ச நேரம் செட்டையைப் பாதி விரிச்சுக்கொண்டு இருந்திட்டு, கல்லு எறிஞ்சமாதிரிப் பாய்ஞ்சு போட்டுது. செட்டையிலை வெள்ளைப் புள்ளி."

"எத்தினை புள்ளி?"

வேலியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"ஏழு."

உண்மையில் எண்ணினாளோ தெரியாது. கொப்பியில் ஏழு என்றே எழுதினேன்.