அக்கா சொன்ன முடிவுகள்

விசைத்தறி நின்ற பிறகும் காதுக்குள் "கொய்ங்" என்ற சத்தம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. கரெண்ட் இருக்கும்வரை பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பதற்கே கத்த வேண்டும். மதியத்தில் கரெண்ட் போனால்தான் மனிதக் குரல் கேட்கும். அந்த நேரங்களில்தான் என் அக்கா கஸ்தூரி எனக்குப் புத்தகம் படித்துக் காட்டினாள். உலகத்தில் வேறு யார் சொன்னாலும் சந்தேகப்பட்டிருப்பேன், அவளை நம்பினேன். அந்த நம்பிக்கை போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு எதற்கு இன்னொருத்தி படித்துக் காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எல்லையோரத் தமிழ் வீடுகளில் இதெல்லாம் சகஜம். அக்கா அரக்கோணத்தில் மாமா வீட்டில் தங்கித் தமிழில் பத்தாவது முடித்தவள். என்னை உள்ளூர்த் தெலுங்குப் பள்ளியில் போட்டார்கள். இருவருக்கும் பேச்சு ஒன்று, எழுத்து வேறு. பத்தாவதோடு அவளை நிறுத்தித் தறி பார்க்க வைத்த எங்கள் நைனாவுக்கு, அவளுக்காகப் புத்தகம் எடுத்து வரும் எண்ணம் துளியும் கிடையாது. "பாப்பாவுக்குத் தமிழு வர வேணாமா நைனா?" என்று அவள் என்னைக் காட்டிக் கேட்டதால்தான் ஒத்துக்கொண்டார்.

நைனா சேலைக் கட்டோடு திருத்தணி போகும்போதெல்லாம் அங்கே ஒரு வாடகைப் புத்தகக் கடையில் ஏறி இறங்கிவிட்டு வருவார். அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. கடைக்காரர் கைக்குச் சிக்கியதைக் கட்டிக் கொடுப்பார். துப்பறியும் கதை, பேய்க்கதை, ராஜா ராணிக் கதை, குடும்ப நாவல், சமையல், ஒரு தடவை மாட்டு வைத்தியம்கூட வந்தது. அக்கா எல்லாவற்றையும் ஒரே சுருதியில் படிப்பாள். தீர்ப்புச் சொல்வது என் வேலை. நூல் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அத்தைகள், "இன்னாடி பாப்பா, இந்த புக்கு பாசா ஃபெயிலா?" என்பார்கள். மாட்டு வைத்தியம் "பாசு", ஏனென்றால் அதில் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தது. பேய்க்கதை "ஃபெயிலு", பேய் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. "புக்கையே துன்னுக்கினு இருந்தா வயிறு ரொம்புமா?" என்று அம்மா திட்டினாலும், என் தீர்ப்பைக் கேட்காமல் அவளும் எழுந்து போக மாட்டாள். தெருவில் எனக்கு இருந்த மரியாதை என்ன, கொஞ்சமா!

அந்த மரியாதைதான் என்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஒரு தமிழ் அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தது. பிடித்த புத்தகத்தைப் பற்றி மேடையில் பேச வேண்டும். நைனா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறினோம். எனக்கு மிகவும் பிடித்த குடும்ப நாவலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். புருஷன் துரத்திவிட்ட ஒருத்தி ஊரைவிட்டுப் போய்த் தையல் மெஷின் வாங்கிப் பிழைக்கிறாள், அவன் வந்து கூப்பிட்டபோது போக மாட்டேன் என்று கதவைச் சாத்துகிறாள். "அவ கதவைச் சாத்துனாளே, அதுக்கே இந்த புக்கு பாசு" என்று முழங்கி முடித்தேன்.

நடுவராக இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "அந்தப் பொண்ணு கடைசியில கெணத்துல விழுந்து செத்துப்போறாளேம்மா, நீ எந்தப் புத்தகத்தைச் சொல்ற?" என்றார். கூடத்தில் குபீரென்று சிரிப்பு. எனக்குத் துளிகூடப் பயமில்லை. "எங்க அக்காதாங்க படிச்சிக் காட்டுச்சு. அதோ, கேளுங்க" என்று கையைக் காட்டினேன். எல்லாத் தலைகளும் திரும்பின. நைனாவும் திரும்பி அவளைப் பார்த்தார்.

அக்கா எழுந்து நின்றாள். "நான் உள்ளதைத்தாங்க படிச்சேன். அவளே இன்னாமோ சேத்துக்கினு சொல்றா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் திரும்ப பஸ் ஏறினோம். புத்தூர் வரும்வரை நைனா, "கதை உடறதுல கெட்டிக்காரிதான் இவ" என்று சிரித்துக்கொண்டே வந்தார். தெருவில் அத்தைகள், "அப்போ நீ சொன்னதெல்லாம் உட்டதுதானாடி?" என்றார்கள். பிறகு என்னிடம் ஒருத்தியும் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் கேட்கவில்லை. கரெண்ட் போகும், அக்கா புத்தகத்தோடு வந்து உட்காருவாள், நான் எழுந்து போய்விடுவேன்.

வீம்புக்காகவே காலண்டரையும் பஸ் போர்டையும் பார்த்துத் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பழைய புத்தகங்களை நைனாவை நச்சரித்துத் திரும்ப வரவழைத்துப் படித்தேன். அடிப்பாவி! துப்பறியும் கதையில் கொலைகாரனே வேறு ஆள். ராணி தப்பித்துக் குதிரையில் போகவில்லை, தீக்குளித்தாள். அக்கா வாயால் பிழைத்துக் கிடந்த பெண்களில் பாதிப் பேர் அச்சில் செத்துக் கிடந்தார்கள். அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கியதை மன்னிக்க முடியவில்லை.

இப்போது எனக்குத் திருப்பதியில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று கிடைத்ததையெல்லாம் படித்து ஃபோனிலேயே விமர்சனம் எழுதிப் போடுவதுதான் பொழுதுபோக்கு. யாராவது கதையைச் சொன்னால் நம்ப மாட்டேன், கடைசிப் பக்கத்தை நானே இரண்டு தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். நகரியில் முன்புபோலக் கரெண்ட் போவதில்லை. மதியத்தில் தெரு அமைதியாகி யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. புத்தகத்தை வாசித்துச் சொல்லும் ஆப் ஒன்று என் ஃபோனில் இருக்கிறது. அது ஒரு வரியைக்கூட மாற்றாது. இருந்தும் எதையும் அதில் முழுதாகக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவைக் குடிபாலா என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். போன மாதம் ஃபோனில் நிலக்கடலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, அன்றைக்குத் திருப்பதியில் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"நான்தான் மாத்தினேன்னு சொல்லியிருந்தா, பாப்பாவுக்கு நீ சொல்லிக் குடுத்த லட்சணம் இதுதானான்னு நைனா அன்னியோட புக்கை நிறுத்தியிருப்பாரு. எனக்கு அது ஒண்ணுதான்டி இருந்துச்சு" என்றாள்.

"எனக்கு நீ ஒருத்திதான்கா இருந்தே" என்றேன்.