சென்னை நேரத்துக்கு மாசாயில் கிரகணம்

பாய்லர் பார்க்கும் என்ஜினியராகத்தான் நான் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் ஜொகூருக்கு வந்தேன். வானத்தைப் பற்றிப் பேச யாரும் எனக்கு விசா தரவில்லை. இரவல் புத்தகங்களிலும் சொந்தக் கழுத்து வலியிலும் கற்றதை, வாரம் பத்து நிமிஷம் தமிழ் வானொலியில் பேசி வந்தேன். தயாரிப்பாளர் போட்டது ஒரே நிபந்தனை.

"ஸ்டாரைப் பத்திப் பேசுங்க, கோளைப் பத்திப் பேசுங்க. மக்களோட நம்பிக்கையில மட்டும் கை வைக்காதீங்க லா."

நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சூரிய கிரகணம் எங்கள் ஊரில் பதினொன்றரைக்குப் பிடித்து மூன்று மணிக்கு விடும். அதைச் சொல்லிப் பதிவு செய்து கொடுத்துவிட்டேன். ஆனால் கிரகணத்தன்று காலை அதே வானொலி, "எட்டு மணி முதல் பதினொரு மணி வரை" என்று அறிவித்திருக்கிறது! சென்னையில் அச்சடித்த பஞ்சாங்கத்தை அப்படியே வாசித்திருக்கிறார்கள். அங்கே கடிகாரம் வேறு, நிழல் வந்து விழும் நேரமும் வேறு என்று ஒரு ஆளுக்குமா தோன்றவில்லை?

எங்கள் ஊரான மாசாயின் அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். எட்டு மணிக்கே மாமியார் அவளை அறைக்குள் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்திவிட்டார். வெளியே சூரியன் முழுசாகக் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. லீவு போட்டுவிட்டுக் கீழே கார் நிறுத்துமிடத்தில் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். தொப்பி எடுக்க மாடியேறினால், அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு அவள் சோற்றுத் தட்டின் முன்னால்.

"ரேடியோவுல சொன்ன மாதிரி பதினொன்னோட முடிஞ்சிருச்சுண்ணே, தப்பிச்சேன்."

அவள் ரசத்தைப் பிசையும்போது வானொலியில் என் பதிவுக் குரல் வந்தது. "நேயர்களே, இன்னும் கால் மணி நேரத்தில் கிரகணம் தொடங்குகிறது. மூன்று மணி வரை..."

மாமியார் தட்டை இழுத்துக்கொண்டார். "அலமாக்! எழுந்திரு, உள்ள போ."

"அத்தை, காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

"ஆன்ட்டி, சாப்பிடலாம். ஒன்னும் ஆகாது" என்றேன்.

"அத ரேடியோவுல சொல்லலியே தம்பி? மூணு மணின்னு தானே சொன்னீங்க?"

கையில் சோற்றோடு அவள் என்னைப் பார்த்தாள். "அவங்க தப்புக்கு மூணு மணி நேரம் கிடந்தேன். இப்ப உங்க கரெக்ட் டைமுக்கு இன்னும் நாலு மணி நேரம். ரொம்ப தேங்க்ஸ்ண்ணே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் குரங்கு ஒரு பிள்ளைத்தாச்சியின் தட்டையே பிடுங்கிவிட்டது. தயாரிப்பாளரை அழைத்தால் சமாதானம்தான் சொல்வார். அவர்கள் வாசலில் நின்றபடியே, பாட்டுக் கேட்கிற எண்ணுக்கு ஒரு நேயர் மாதிரி அடித்தேன். நல்லவேளை, உடனே கிடைத்தது.

"வணக்கம், என்ன பாட்டு சார் வேணும்?"

"பாட்டு வேணாம்மா. கிரகண நேரத்துல சாப்பிடலாம். புள்ளத்தாச்சிங்க கண்டிப்பா சாப்பிடணும், தண்ணி குடிக்கணும். வெறுங்கண்ணால சூரியனப் பாக்கத்தான் கூடாது. காலையில நீங்க சொன்ன டைம் சென்னைக்காரங்களுக்கு..."

பாட்டைப் போட்டு என்னை வெட்டினார்கள். ஆனால் அதற்குள் அத்தனையும் வீட்டுக்குள் இருந்த பெட்டியில் ஒலித்துவிட்டது. மாமியார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப ரேடியோவுலயே சொல்லிட்டாங்க" என்று தட்டைத் திரும்ப வைத்தார். "இரு, ரசத்தைச் சுட வெச்சுத் தரேன்."

எதிரே நின்று சொன்னபோது எடுபடாத அதே வாய்!

அடுத்த வாரம் என் பத்து நிமிஷத்தில் ராசிபலன் வந்தது. வாசித்தது, அந்தப் பஞ்சாங்கத்தை வாசித்த அதே ஆள்.