விஸ்கி தொடாதவள் செய்த விஸ்கி கிரீம்

கவன் மாவட்டத்தில், ஏரிகளுக்கு நடுவே குட்டிக் குட்டிக் குன்றுகளாகக் கிடக்கும் ட்ரம்கீல் என்கிற கோயில் பங்கில், ப்ரீடா கலினன் செய்கிற விஸ்கி கிரீமுக்கு ஈடு கிடையாது. அவளைப் பிடிக்காதவர்களே அதை ஒத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஸ்டீபன் திருநாளன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கம்பக்கத்து ஜனங்கள் அவள் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் இளம்பழுப்பு நிறத்தில் அது வரும். முதல் வாயில் கிரீமும் கோகோவும் தெரியும். தொண்டையைத் தாண்டிய பிறகுதான் விஸ்கி மெல்லச் சூடு காட்டும். செய்தவளோ தேநீர்க் கோப்பையும் கையுமாக அடுப்போரம் நிற்பாள்.

சிறுமியாகக் கோயிலில் உறுதிபூசுதல் என்கிற சடங்கு வாங்கிய நாளில், கூட இருந்த பிள்ளைகளைப் போல ப்ரீடாவும் மது தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, திருஇருதயம் பொறித்த சின்ன ஊசியை உடுப்பில் குத்திக்கொண்டாள். மற்றவர்கள் வயது வந்ததும் ஊசியை எங்கேயோ போட்டுவிட்டு மதுக்கடைக்குப் போனார்கள். இவள் கழற்றவில்லை. அவளுடைய அப்பா குடித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் வாய்க்காலில் விழுந்து செத்தவர். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். குடிக்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவும் மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் வெண்ணெய் ஆலையில் பாலின் கொழுப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். கிரீம் எப்போது கெட்டியாகும், எதைக் கண்டால் திரியும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்குப் புருஷன் மாலக்கி கடையிலிருந்து ஒரு புட்டி விஸ்கி கிரீம் வாங்கி வந்தான். அவள் அதை ஒரு கரண்டியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கிரீமா மாலக்கி? நம்ம மாடு பார்த்தா அழும்."

"அப்ப நீயே செய்யேன். நான் குடிச்சுப் பார்த்துச் சொல்றேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கலக்குவாள், அவன் ருசி பார்ப்பான். "இனிப்பு தூக்கல்" என்பான். "விஸ்கியைக் காட்டிட்டு ஒளிச்சு வச்சுட்டியா?" என்பான். அவள் திருத்துவாள். வருஷங்கள் ஓடின. ஒரே மகள் படித்துக் கனடாவுக்குப் போனாள். மாடுகள் வந்தன, போயின. அடுப்படியில் அந்த ஒரு நாள் மட்டும் மாறவே இல்லை.

ஒரு அக்டோபர் மாதக் காலையில் மாலக்கி கறவைக் கொட்டிலில் சுருண்டு விழுந்தான். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை தொங்கிப்போயிருந்தது. பேச்சு போய்விட்டது. போனதிலும் ஒரு விசித்திரம். ஒரே ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பசித்தாலும் "புதன்கிழமை." கோபம் வந்தாலும் "புதன்கிழமை." பங்குச் சாமியார் வந்து "எப்படி இருக்க மாலக்கி?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான். சாமியார் புதன்கிழமை மறுபடி வந்து நின்றார், வரச் சொன்னான் என்று நினைத்து. ப்ரீடா சிரித்தே விட்டாள். மாலக்கியும் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரே வார்த்தையில் எத்தனை குரல் இருக்கிறது என்று அவள் சீக்கிரமே படித்துக்கொண்டாள். இழுத்துச் சொன்னால் வலி. வெடுக்கென்று சொன்னால் கம்பளியை எடு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவளுக்கு வழி பிடிபடவில்லை. தண்ணீர், தேநீர், எது தண்ணியாக இருந்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். கெட்டித் தேநீரை முதல் தடவை வாயில் வைத்தவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். சுவரில் காகிதம் ஒட்டுகிற பசையைக் கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை. அதற்குப் பிறகு வாயைத் திறக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கன்னம் ஒட்டியது. உடுப்பு தொளதொளத்தது.

டிசம்பரில் மாலக்கியின் அக்கா கன்செப்டா வந்து உட்கார்ந்தாள். தெருமுனை வீட்டுக்காரி, நாக்கில் கத்தி வைத்திருப்பவள்.

"இந்த வருஷம் ஸ்டீபன் நாளுக்கு யாரும் வர வேணாம்னு சொல்லிடட்டுமா ப்ரீடா? அவங்க குடிக்கிறதை இவன் பார்த்துக்கிட்டே உட்காரணுமா?"

மூலை நாற்காலியிலிருந்து "புதன்கிழமை" என்று ஒரு குரல் வந்தது. கோபக் குரல் இல்லை. தாழ்ந்த குரல். ப்ரீடா அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை க்ளீனா என்கிற பெண் வருவாள். ப்ரீடா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"ஒண்ணு கேட்கணும்மா. திட்டாதே. விஸ்கியைக் கெட்டியாக்கிக் கொடுக்க முடியுமா?"

க்ளீனா திட்டவில்லை. "எனக்கே தெரியலையே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். போனை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். "திருநாள் அன்னைக்கு மட்டும் ஒரு கரண்டி விஸ்கி, அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாதுன்னுட்டார். ஆனா ப்ரீடா, ஐஸ்கிரீம் பக்கம் போயிடாதீங்க. பார்க்கக் கெட்டியா இருக்கும், வாய்க்குள்ள போனதும் தண்ணியாயிடும். கரண்டியில எடுத்தா நிக்கணும். சாய்ச்சா ஒரே கட்டியா விழணும். வழியவும் கூடாது, ஒட்டிக்கிட்டுத் தொங்கவும் கூடாது."

வெண்ணெய் ஆலைக்காரிக்கு அது போதும். மறுநாளே தொடங்கினாள். வழக்கமான முறை இங்கே எடுபடாது. அந்த முறையில் கிரீமும், சுண்டக் காய்ச்சிய டின் பாலும், கோகோவும், துளி காபித்தூளும் ஒன்றுசேர, விஸ்கியை நூலாக விட்டுக் கலக்குவாள். குடிக்க அருமையாக இருக்கும், ஆனால் தண்ணி. ஆகவே பாலில் சோளமாவைக் கரைத்து, கோகோ போட்டு, அடுப்பில் விடாமல் கிண்டிக் கஞ்சிபோல இறக்கினாள். சூட்டோடு விஸ்கியை விட்டாள். வாசனை மொத்தமும் ஆவியாகி உத்தரத்துக்குப் போய்விட்டது. அடுத்த தடவை நன்றாக ஆறவிட்டு ஊற்றினாள். கெட்டி உடைந்து, ஓரமெல்லாம் நீர் விட்டுக்கொண்டது.

தவறிப்போனதையெல்லாம் என்ன செய்வது? கன்செப்டா சாப்பிட்டாள்.

"இது தேவலை" என்றாள் முதல் கிண்ணத்தில். "இது மோசம், இன்னும் கொஞ்சம் போடு, எவ்வளவு மோசம்னு பார்க்கணும்" என்றாள் அடுத்ததில். அதற்கும் அடுத்ததில் முகம் சிவந்து, "ப்ரீடா, உன்கிட்ட நான் ஒண்ணு சொன்னதே இல்ல. எங்க தம்பி உன்னைக் கட்டிக்கிட்டப்ப, குடிக்காதவ கூட இவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்னு ஊர் பூரா நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள்.

"தெரியும். உன் தம்பி அன்னைக்கே சொல்லிட்டார்."

"அந்தத் துரோகி!" என்று மூலையைப் பார்த்துக் கத்தினாள் கன்செப்டா.

"புதன்கிழமை" என்றான் மாலக்கி, ஒன்றும் அறியாதவன் மாதிரி.

விடை கடைசியில் வெண்ணெயிலிருந்து வந்தது. கஞ்சியை இளஞ்சூட்டில் இறக்கி, ஒரு கட்டி வெண்ணெயும் உருக்கிய கறுப்புச் சாக்லேட்டும் சேர்த்து அடித்தால் அது ஆறும்போது தானாகவே இறுகியது. பாதி ஆறிய நேரத்தில், விரலை வைத்தால் வெதுவெதுப்பு மட்டுமே தெரிகிற பதத்தில், விஸ்கியைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தாள். உடையவில்லை. நீர் விடவில்லை. பட்டுத் துணிபோல மின்னிக்கொண்டு கிண்ணத்தில் உட்கார்ந்தது. க்ளீனா வந்து கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். பொத்தென்று ஒரே கட்டியாக விழுந்தது. ஆறவைத்தும் பார்த்தாள், வாய்ச் சூட்டுக்குக் கையில் வைத்து உருட்டியும் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு ப்ரீடா. உங்களுக்கு எப்படி இருக்கு, ருசி?"

ப்ரீடா மார்பில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுக் காட்டினாள். க்ளீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டீபன் திருநாள் வந்தது. யாரையும் வர வேண்டாம் என்று ப்ரீடா சொல்லவில்லை. மத்தியானம் நான்கைந்து வீட்டு ஆட்கள் வந்தார்கள், காலில் சேறும் கையில் பண்டமுமாக. மாலக்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் அடுத்தவர் முன்னால் வாய் திறந்து சாப்பிட்டதே கிடையாது. உதட்டோரம் வழிவது அவனுக்குத் தெரியும்.

பக்கத்துப் பண்ணைக்கார ஃபின்டன், கதவை அடைக்கும் ஆகிருதி, மேசையைச் சுற்றிப் பார்த்தான். குவளை ஒன்றுகூட இல்லை. ஆளுக்கொரு சின்னக் கிண்ணமும் கரண்டியும்தான்.

"என்ன ப்ரீடா, குவளையெல்லாம் உடைஞ்சு போச்சா?"

"இந்த வருஷம் இந்த வீட்டுல எல்லாருக்கும் கரண்டிதான் ஃபின்டன். வேணும்னா உட்காரு, வேணாம்னா வீட்டுக்குப் போய்த் தேநீர் குடி."

ஃபின்டனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்குள் கன்செப்டா மேசைக்கடியில் காலை நீட்டி அவன் முழங்காலில் ஓங்கி ஓர் உதை விட்டாள். அவன் மாலக்கிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையைப் போலக் கழுத்தில் துணியைச் சொருகிக்கொண்டான். ஒரு கரண்டி வாயில் வைத்தவன் மீசையிலும் தாடையிலும் அப்பிக்கொண்டான். வேண்டுமென்றே செய்தானா, அவன் சாப்பிடும் லட்சணமே அதுதானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அடேய், ஏரிக்கரையில மாடு புல் தின்ன மாதிரி இருக்கே!" என்றாள் கன்செப்டா.

மாலக்கியின் தோள் குலுங்கியது. அளந்து ஒரே ஒரு கரண்டி விஸ்கி விட்ட அவன் கிண்ணத்தோடு ப்ரீடா பக்கத்தில் மண்டியிட்டு, அதிலிருந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். திறந்தான். வாயை மூடிக்கொண்டு, கற்றுக்கொடுத்தபடி தாடையை நெஞ்சோடு அழுத்தி, விழுங்கினான். புரையேறவில்லை. அவன் கண்ணை மூடி ருசித்தான். பிறகு நல்ல கையால் கரண்டியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, கிண்ணத்தையும் அதே கையால் தன் பக்கம் இழுத்தான்.

அன்று அந்த அடுப்படியில் பாட்டுக்கூடப் பாடினார்கள். ப்ரீடா விஸ்கி விடாத ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தத் திருநாளுக்குப் பிறகு மாலக்கி சாப்பாட்டை மறுக்கவில்லை. விஸ்கியில்லாத அதே கிண்ணம் தினமும் மத்தியானம் அவனுக்கு உண்டு. கன்னம் நிரம்பியது. பிறகும் மூன்று கிறிஸ்துமஸ் பார்த்தான். நான்காவதற்கு முன்பு, வசந்தத்தில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான்.

க்ளீனா தான் போகிற வீடுகளிலெல்லாம் இந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள். மாலக்கி போன அதே வருஷக் கோடையில் ப்ரீடாவுக்கு ஒரு போன் வந்தது. ஏரிக்கு அப்பாலிருந்து ஒரு மரத்தச்சனின் மனைவி. புருஷனுக்குத் தொண்டையில் அறுவை செய்திருக்கிறார்கள், இரண்டு வாரமாகச் சாப்பாடு எதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, எப்படிச் செய்வதென்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். டாக்டர் சம்மதம் சொல்லிவிட்டாராம்.

"போன்ல சொன்னா திரிஞ்சு போயிடும்மா. நான் வரேன். வீட்டுல பால் இருக்கா?"

"இருக்கு."

"விஸ்கி?"

"அவர் புட்டி அப்படியே இருக்கு. தொடவே இல்ல."

ப்ரீடா சோளமாவையும் வெண்ணெயையும் சாக்லேட்டையும் பையில் போட்டுக்கொண்டாள். தன் பாத்திரமே கைக்குச் சரிப்படும் என்று அதையும் எடுத்துக் காரின் முன் இருக்கையில் வைத்து, உருளாமல் இருக்கப் பெல்ட்டை மாட்டினாள். மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கன்செப்டாவிடம் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, ஏரிச்சாலையில் வண்டியைத் திருப்பினாள்.