இரண்டாவது பூச்சு

அந்தப் பகுதியில் அவரை டாங்கிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மொட்டைமாடியில் நிற்கும் இரும்புத் தண்ணீர்த் தொட்டி துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தால் அவரைத் தேடி ஆள் வரும். தொட்டியைக் காலி செய்து உள்ளே இறங்கி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பொத்தல்களைப் பட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே இரண்டு டப்பாக்களிலிருந்து கலந்து எடுக்கும் எப்பாக்ஸிப் பூச்சைப் பூசிவிட்டு வருவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் செம்பழுப்பு போகாது. அந்தக் கையோடுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

கூட வேலை பார்த்தவன் அவர் மனைவியின் தம்பி. ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே. உள்ளே இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும், மறுமுனை மேலே இருப்பவர் கையில். எப்பாக்ஸியிலும் தின்னரிலும் கிளம்புகிற ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். அதனால் ஒரு ப்ளோயர் குழாய் வழியாக நல்ல காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்குத் தொப்பை விழுந்த பிறகு பெரும்பாலும் மச்சினன்தான் இறங்கினான். "நீங்க இறங்குனா தண்ணி விடவே வேணாம் மாமா, தொட்டி தானா ரொம்பிடும்" என்பான். உள்ளே போனதும் பாட ஆரம்பித்துவிடுவான். தன் குரலுக்குத் தொட்டி மட்டும்தான் எதிர்ப்பாட்டுப் பாடுகிறது என்று சிரிப்பான்.

அன்றைக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பெரிய தொட்டி. முதல் பூச்சு முடியும் நேரம், மின்சாரம் நின்றது, ப்ளோயரும் நின்றது. அப்படி நின்றால் அந்த நொடியே மேலே ஏறிவிட வேண்டும். அவர் குனிந்து வெளியே வரச் சொன்னார்.

"கலந்தது கட்டியாயிடும் மாமா. இந்த மூலை ஒண்ணுதான், வந்துடறேன்."

அதட்டிக் கூப்பிட்டார். பதிலுக்கு வாளி உருளும் சத்தம்தான் கேட்டது. கயிற்றை இழுத்தார். அறுந்த வாளிக் கயிறு போல அது லேசாக மேலே வந்தது. ஈரப் பூச்சில் உரசிக் கோடு போடுகிறது என்று அவன் எப்போதோ அவிழ்த்து வைத்திருக்கிறான்.

டாங்கிக்காரர் இரண்டு கால்களையும் தொட்டியின் வாய்க்குள் விட்டார். இடுப்புவரை இறங்கினார். ஆவி மூக்கில் ஏறித் தலை கிறுகிறுத்தது. இறங்கினால் இரண்டு பேருக்கும் அதுதான் முடிவு என்று தெரிந்தது. கால்களை வெளியே எடுத்தார். படிகளில் கத்திக்கொண்டே ஓடினார். தீயணைப்பு ஆட்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கி வந்தபோது உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

பிணவறைக்கு வெளியே மனைவி அழவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க மேலதான இருந்தீங்க?"

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. தட்டு வரும், தண்ணீர் வரும், ஒரு வார்த்தை வராது. அவரும் வாய் திறக்கவில்லை. இறங்காததற்கு அவரிடம் நியாயம் இருந்தது. அதை எடுத்துச் சொன்னால் நியாயமே அசிங்கமாகிவிடும் போலிருந்தது.

கட்டடத்து மேனேஜர் விசாரணை முடிந்ததும் வந்தார். ஒற்றைப் பூச்சோடு தொட்டி நிற்கிறது, வயதானவர்கள்கூடக் கீழேயிருந்து குடம் தூக்குகிறார்கள், வேறு யாரும் அந்தத் தொட்டியைத் தொட மாட்டேன் என்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். டாங்கிக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் மேலே கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே. தெரிந்தவர்கள் எல்லோரும் போனிலேயே ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். அதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"நான் வரேன்."

மின்சாரத்தை நம்பாமல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப்போனார். இரும்பு ஏணியில் அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். அவர் சொல்லிக் கொடுத்தார்: அடிக்கடி குரல் கொடு, பதில் வராவிட்டால் கயிற்றை இழு, கீழே மேனேஜருக்குப் போன் போடு, என்ன ஆனாலும் உள்ளே மட்டும் இறங்காதே. அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் உள்ளே இறங்கி டார்ச்சைத் திருப்பியதும், பாதியில் விட்ட அந்த மூலை தெரிந்தது. பூச்சில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை. அது சுவரோடு வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, தரைக்குச் சற்று மேலே நின்றிருந்தது. அப்படியே இறுகிக் கல்லாகியிருந்தது. டாங்கிக்காரர் அதன் எதிரே நின்றார். மேலேயிருந்து அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது. அவர் அந்த விரல்களின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டாள். திடீரென்று கயிறு இடுப்பை வெட்டுவதுபோல் இறுகி அவரை இழுத்தது.

ஏணிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். தொட்டியின் வாய்க்குள் அவளுடைய இரண்டு கால்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

"காலை எடு, நான் நல்லாத்தான் இருக்கேன்."

கால்கள் மெதுவாக மேலே போயின. அவர் ஏறி வந்தபோது அவள் தொட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். கயிறு உரசிய உள்ளங்கைகள் சிவந்துபோயிருந்தன.

"நான் இறங்கியிருப்பேன்," என்றாள்.

அது குற்றச்சாட்டா, மன்னிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டாள். மூலையில் பதிந்திருந்த கையைப் பற்றி மறைக்காமல் சொன்னார். மாடியின் மறுபக்கம் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அத அப்படியே வச்சு மேல பூசலாமா?"

"பூசினா பிடிக்காது. உரிஞ்சு வந்துடும். அங்கேயிருந்துதான் மறுபடி துரு ஏறும்."

"அப்ப தேச்சிடுங்க."

ப்ளோயரைப் போட்டுவிட்டு அவர் இறங்கினார். மடித்த உப்புத்தாளை விரல்களின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சுண்டுவிரல் முதலில் போனது. உள்ளங்கை ஆழமாகப் பதிந்திருந்ததால் நேரமெடுத்தது. கொட்டிய வெள்ளைத் தூளைத் துணியில் கூட்டி அள்ளி மேலே கொடுத்தார். அவள் வாங்கி முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அவள்தான் கயிறு பிடித்தாள். இரண்டாவது பூச்சு முடிந்து, காய்ந்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். அவர் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. கட்டடத்தில் குழாய்களைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அதன்பின் அவர் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கவில்லை. வெளிப்பக்கம் பூசுவது, கூரைத் தகரம் அடைப்பது என்று கிடைத்ததைச் செய்கிறார். வீட்டில் இப்போது பேச்சு இருக்கிறது. அரிசி தீர்ந்தது, மழை வரும்போலிருக்கிறது என்ற அளவில். தம்பியைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.